கோடைச் சட்டை

தூண் பாறையில் பயணிகளை இறக்கிவிட்டால்
முக்கால் மணி நேரம் என்னுடையது.
மஞ்சு மூடினால் இன்னும் கூடுதல்.
ஒன்றும் தெரியாத வெள்ளையைப் பார்த்தபடி
'இப்போ விலகிடும், இப்போ விலகிடும்' என்று நிற்பார்கள்.
நான் ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில்
பவுலினின் முதுகைப் பின்னிக்கொண்டிருப்பேன்.

காசிமாயன் வந்து கண்ணாடியைத் தட்டுவான்:
"என்னண்ணே, வீட்ல விசேஷமா?"
விசேஷம் இல்லையப்பா, வெயில்.
வத்தலக்குண்டு மின்வாரியத்தில், கணக்குப் பிரிவில்,
ஏழு பேருக்கு ஒரே மின்விசிறி.
போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை ராத்திரி
கழுத்தெல்லாம் வேர்க்குருவோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள்.
அன்றைக்குத் தோன்றியது.

கம்பளி பின்னத் தெரியும்.
கால் ஒடிந்து கிடந்த மழைக்காலத்தில்
செல்போனில் ஒரு ரஷ்யக்காரி சொல்லித் தந்தாள்;
அவள் பாஷை புரியவில்லை, விரல் புரிந்தது.
ஆனால் இது பருத்தி நூல், பேரிக்காய்ப் பச்சை.
கம்பளி நம் தப்பைத் தன் மயிருக்குள் ஒளித்துக்கொள்ளும்.
பருத்தி அப்படியில்லை.
செக்போஸ்ட் போலீஸிடம் மாட்டிய கிளீனர் பையன் மாதிரி
கேட்காததையும் சொல்லிவிடும்.

அளவு கேட்டால் கண்டுபிடித்துவிடுவாள்.
கொடியில் காய்ந்த ரவிக்கையில் சாண் வைத்தேன்.
இரண்டு சாண், இரண்டு விரல்.
எதிர்வீட்டு எஸ்தர் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

முன்பக்கம் நட்டநடுவே கேபிள்.
மூன்று கண்ணிகளை எடுத்து
மை தீர்ந்த ரீஃபிளில் மாட்டி முன்னால் நிறுத்தி,
அடுத்த மூன்றை முதலில் அனுப்ப வேண்டும்.
நின்றவை அப்புறம் போகும்.
இதை ரஷ்யாவிலிருந்து வந்து எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.
பதினெட்டு வருஷமாய் டம் டம் பாறை வளைவில்
ஏறுகிற வண்டிக்கு ஒதுங்கி நின்றவன் நான்.
ஒதுங்கியவனும் ஊர் போய்ச் சேர்கிறான்;
ஒதுங்கிய இடம்தான்
முறுக்காகப் புடைத்துத் தெரிகிறது.

லேஸ்தான் படுத்தி எடுத்தது.
நூலைச் சும்மா ஒரு தரம் ஊசிமேல் போட்டால் ஓட்டை.
ஓட்டை போட்டால் ஒரு கண்ணி கூடிவிடும்,
நம்புங்கள், இல்லாத இடமும் எண்ணிக்கையில் சேரும்.
உடனே பக்கத்தில் இரண்டை ஒன்றாக்கிவிடணும்.
மறந்தால் சட்டை சத்தமில்லாமல் அகலும்.
தொண்ணூற்றாறு இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு நாள் நூற்றுமூன்று.
எங்கெங்கே சேர்க்காமல் விட்டேன்?
திங்கள் விடிகாலை பஸ், சனி கடைசி பஸ்,
நடுவில் போனில்
'சாப்டாச்சா', 'ம்',
'மழையா', 'ம்'.
ஆறு வரிசை பிரித்தேன்.
நூல் மடியில் சுருண்டு சுருண்டு கிடந்தது,
நிமிர்த்தினாலும் வளைவை மறக்காமல்.

"ஒண்ணுமே தெரியலைங்க, வாடகையைக் குறைங்க"
என்று ஏறினார்கள் ஈரோட்டுக்காரர்கள்.
ஐம்பது குறைத்தேன்.

சித்திரை போய், ஆடிக் காற்றில் கைப்பட்டி ஓடி,
கழுத்துச் சுற்றை முடித்த ஐப்பசி வாரத்தில்
அவளுக்கு மாறுதல் உத்தரவு வந்தது: கொடைக்கானல்.
கோடைக்கென்று பின்னினேன்.
கொம்பில் ஒரு சுழி நழுவிக்
கொடைக்கு வந்துவிட்டாள்.

முதல் நாள் அலுவலகம்.
முழுக்கை பனியனுக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு
கண்ணாடி முன் நின்றாள்.
"நல்லா காத்து வருது" என்றாள், பல் கிட்டியபடி.
விரல் கேபிள் வழியே ஏறி
நாலாவது முறுக்கில் நின்றது.
"இது மட்டும் ஏன் வேற பக்கம் திரும்பியிருக்கு?"

அதையா கேட்கிறாய்.
அது ஒரு திங்கட்கிழமை.
இறங்குற பஸ்ஸுக்கு வழி விட்டேன்.

பதில் இல்லை.
பழைய ஸ்வெட்டரை எடுத்து அதன்மேல் மாட்டிக்கொண்டு
குடையைத் தேட ஆரம்பித்தாள்.