பத்துக்கு மேல்

டுலூத் நகரில், தேவாலயத்தின் நிலவறையில்,
பிப்ரவரிச் சனிக்கிழமை.
பதினோரு பேர், முப்பத்து நான்கு தூசு உறிஞ்சிகள்.
வாசலில் காலணிகள் பனியைக் கக்கிக்கொண்டிருக்க
உள்ளே ஒவ்வொரு இயந்திரமும்
தும்பிக்கையைச் சுருட்டி மடியில் வைத்து உட்கார்ந்திருந்தது.

நான் கம்பெனி ஆள்.
கையில் கேள்வித்தாள்:
அடுத்த தலைமுறைக் கருவியில் உங்களுக்கு என்ன வேண்டும்?
கட்டங்கள் தயார்.
உறிஞ்சும் வலு. பேட்டரி. செயலி. நிறம்.

முதலில் உயர்ந்தது வென்டல் க்ரோக்ஸ்டாடின் கை.
ஏரிக் கப்பல்களில் எஞ்சின் பார்த்த கை.
"திருகு" என்றார்.
எழுதிக்கொண்டு, அப்புறம்? என்றேன்.
"திருகுதான். பசை வேண்டாம்.
ஒட்டியதைத் திறக்க உடைக்க வேண்டும்.
எனக்கு உடைக்கத் தெரியாது."

லோர்னா பியெடிலாவுக்கு ஒன்பது மீட்டர் வயர் வேண்டும்.
கீழே சொருகினால் மாடியின் கடைசிப் படிவரை வரவேண்டும்,
நடுவில் நாய்ச்சங்கிலிபோல் வெடுக்கென்று இழுக்கக் கூடாது.
அணைக்கும் பொத்தான் காலுக்கு எட்ட வேண்டும்.
முழங்கால் போன பிறகு
தரை எவ்வளவு தூரம் என்று
உங்கள் வடிவமைப்பாளருக்குத் தெரியுமா?
தெரியாது. அவருக்கு இருபத்தாறு வயது.
அதையும் எழுதிக்கொண்டேன்.

டெஸ்மண்டுக்குச் சத்தம் குறைய வேண்டும்.
அவன் கணவன் ஃபேபியனுக்குச் சத்தம் வேண்டும்.
"பை நிறைந்தால் குரல் கம்ம வேண்டும்.
சிவப்பு விளக்கு எரிந்து சொல்ல வேண்டாம்,
எனக்குக் காது இருக்கிறது."
பையா குடுவையா என்ற பேச்சு வந்ததும்
கூட்டம் கட்சி பிரிந்தது.
காப்பி ஆறியது.
இதே விஷயமாக ஆறு வருடமாய்
ஒரே மேசையில் உட்காராத இருவர்
அன்றும் உட்காரவில்லை.

ஏழாவது கேள்வி:
எத்தனை ஆண்டு உழைக்க வேண்டும்?
மூன்று. ஐந்து. பத்துக்கு மேல்.
யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும்.
"பத்துக்கு மேல் என்பதில்
எழுபதும் அடக்கம்தானே?"

பள்ளிக்கூடத்தில் இரவில் தரை துடைக்கும்
யோலாண்டா ஸ்ட்ராண்ட் மட்டும் சிரிக்கவில்லை.
"பழுதாகட்டும்" என்றாள்.
"எது பழுதாகாமல் இருக்கிறது?
ஆனால் என்ன பழுது என்று எனக்குத் தெரியட்டும்.
வார் அறுந்தால் வார் விற்கட்டும்.
இருபது வருஷம் கழித்தும் விற்கட்டும்.
ஆறாயிரம் சதுர அடி,
காலை ஆறுக்குள்.
புதிது வாங்கச் சொல்லும் அறிவிப்பு
அந்த நேரத்தில் எனக்கு எதற்கு?"

விளக்கிக் காட்டவேண்டும் என்று தொடங்கியது வினை.
கம்பளத்தில் ஓட்ஸைக் கொட்டி
ஒரே சுவரில் ஒன்பது இயந்திரங்களைச் சொருகினார்கள்,
என் கம்பெனியின் மாதிரிப் பொருளையும் சேர்த்து.
அறை உறுமியது.
கோப்பைகள் தட்டுகளில் நடந்தன.
பிறகு டப்.
ஃபியூஸ் போனது. கும்மிருட்டு.

யாரும் கத்தவில்லை.
அசையவும் இல்லை.
மோட்டார்கள் அடங்கிக்கொண்டிருந்தன,
ஒவ்வொன்றும் தன் போக்கில்.
என்னுடையது முதலில் நின்றது,
பேசும்போதே வாயைப் பொத்தியதுபோல.
மற்றவை சுற்றின.
ஒன்று மெலிந்தது, இன்னொன்று முனகியது.
இருட்டில் யாரோ மெல்ல எண்ணுவது கேட்டது:
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு...
"லோர்னாவின் பச்சை" என்றது ஒரு குரல்.
"தாங்குருளை எண்ணெய் விடாமலே இப்படி" என்றது இன்னொன்று.
நாற்பத்து நான்கில்
ஓர் ஊசி விழும் ஓசையோடு நின்றது.
அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம்
எவரும் ஃபியூஸ் தேடிப் போகவில்லை.

வெளிச்சம் வந்தபோது
வென்டல் என் மாதிரிப் பொருளைக் கவிழ்த்துப் போட்டு
கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்,
வலி எங்கே என்று கேட்கும் மருத்துவர்போல.
விளிம்பு, மூலை, சக்கரத்தின் அடி.
வழவழவென்று இருந்தது.
எங்குமே இல்லை.
அவர் ஒன்றும் சொல்லாமல்
அதை நிமிர்த்தி வைத்து
தன் கைரேகையைச் சட்டையால் துடைத்துக் கொடுத்தார்.

தாளின் அடியில் 'பிற' என்றொரு கட்டம்,
இரண்டு சென்டிமீட்டர்.
காரில் உட்கார்ந்து,
கண்ணாடியில் பனி உருகும்வரை,
நாற்பத்து நான்கு விநாடி என்று எழுதினேன்.
அலுவலகத்தில் கேட்பார்கள்,
எதற்கு என்று.