தீ வைத்திருப்பவன்

திபிலிசியின் வடக்கு ஓரம், குல்தானி.
எங்கள் கட்டடத்து லிப்ட்
காசு விழுந்தால்தான் அசையும்.
ஒன்பதாம் மாடியில், படி திரும்புமிடத்தில்
கண்ணாடி இல்லாத ஜன்னல்,
ஒரு ஊறுகாய் ஜாடி, பாதிக்குத் தண்ணீர்,
அதில் ஊறும் மூன்று வருடத்துத் துண்டுகள்.
அங்கேதான் எல்லாம் நடந்தது.

எல்லாம் என்றால்:
பேக்கா போலந்துக்குப் போகப்போவதாகச் சொன்னது,
போகாதது,
தமூனா அழுதது, நாங்கள் புரியாமல் சிரித்தது,
இராக்லியின் அண்ணனைப் பற்றிய சேதி.
வகுப்பில் வைத்து
யாரும் யாரிடமும் எதையும் சொன்னதில்லை.

நான் புகைப்பதில்லை.
பதினாறு வயதில் ஒரே ஒரு இழுப்பு;
இருமி முடிப்பதற்குள்
பேச்சு வேறெங்கோ போய்விட்டது.
அன்று சாயங்காலமே சந்தையில்
பச்சை நிறத்தில் ஒரு லைட்டர் வாங்கினேன்.

சிகரெட்டுக்கு எப்படியோ காசு தேற்றுகிறவர்கள்
லைட்டரை மட்டும் தொலைத்துவிடுகிறார்கள்.
"லாஷா, தீ?"
இந்த இரண்டு சொல்லுக்காக மூன்று குளிர்காலம்.
காற்றுக்குக் கை குவித்து
நுத்சாவின் முகத்தருகே பிடிப்பேன்.
அவள் கண்ணைச் சுருக்கி நுனியை மட்டும் பார்ப்பாள்.
மற்றதையெல்லாம் நான் பார்ப்பேன்.

கேட்டால் அவர்களும் புகைப்பவர்கள் இல்லை.
நுத்சா தேர்வு நாட்களில் மட்டும்;
தேர்வில்லாத மாதம் ஒன்றை
அவளிடம் நான் கண்டதில்லை.
இராக்லி ராணுவம் முடிந்ததும் விடுவான்,
இப்போதே விட்டவன் மாதிரிதான் பேசுவான்.
பேக்கா பெட்டி மேலிருக்கும் படத்தைப் பார்த்து வாங்குவான்:
"பல் வேண்டாம், நுரையீரல் கொடுங்கள்,
பல் தினமும் கண்ணாடியில் தெரிகிறது."
தமூனாவிடம் சத்தியம் செய்து நிறுத்தியவர் அவள் அப்பா.
ஆறாம் மாடிப் பால்கனியில் ரகசியமாய்ப் பற்றவைப்பார்.
இவள் எட்டிப் பார்த்து,
அவர் தலையில் விழாதபடி
சாம்பலைத் தள்ளித் தட்டுவாள்.

இந்த மார்ச்சில்
நுத்சா ஒரு ஊதாக் குச்சியோடு வந்தாள்.
பேனா மூடி போலிருந்தது. முலாம்பழ வாசனை.
ஒரே வாரத்தில் எல்லார் கையிலும்
நீலம், இளஞ்சிவப்பு, இன்னொரு ஊதா.
"இது சிகரெட் இல்லை, வெறும் ஆவி" என்றாள் தமூனா.

நெருப்பில்லாமல் புகையாது என்பதெல்லாம் பழைய கணக்கு.
புகைகிறது. நன்றாகவே.
என் கட்டைவிரலுக்குத்தான் வேலை போயிற்று.
சிகரெட்டுக்கு ஒரு நீளம் இருந்தது;
அது தீரும்வரை யாரும் நகர மாட்டார்கள்,
பாதிச் சிகரெட்டில் தொடங்கிய துக்கத்தைக்கூட
கடைசித் துண்டுவரை கேட்டாக வேண்டும்.
இதற்கு நீளம் கிடையாது.
இரண்டு இழுப்பு, சட்டைப்பைக்குள், படியிறங்கல்.
ஜாடியில் தண்ணீர் தெளிந்து வருகிறது.

போன வருடம் ஒரு இரவு
அம்மா என் கோட்டை முகர்ந்து
நேராகவே கேட்டாள்: "ஒரு நாளைக்கு எத்தனை?"
"மூன்று" என்றேன்.
ஒன்றுமில்லை என்றால் அடுத்த கேள்வி வரும்:
அப்புறம் அந்தக் குளிரில் அங்கே எதற்கு நிற்கிறாய்?
இப்போது கோட்டில் முலாம்பழம்.
பையன் விட்டுவிட்டான் என்று
போனில் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், பெருமையாக.

நேற்று நுத்சாவின் குச்சி செத்துப்போயிற்று.
குலுக்கினாள். உறிஞ்சிப் பார்த்தாள்.
பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பி
"லாஷா..." என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டாள்.

ஓடினேன்.
லிப்டுக்குச் சில்லறை இல்லை, கையில் நோட்டுதான்.
மூலைக் கடையில் சார்ஜர் வயர், ஏழு லாரி.
ஒன்பது மாடியும் ஏறி வந்து
அத்தனை பேரிலும் புகைக்காத ஒருவன்
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இளைத்தேன்.
படிக்கட்டில் ப்ளக் கிடையாது என்பது
வயரைப் பிரித்த பிறகுதான் உறைத்தது.

நுத்சா சிரித்தாள்.
பாதிச் சிகரெட் நேரம் இருக்கும்.