பச்சைப் புள்ளி

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
இரவு இரண்டு நாற்பதுக்கு
எட்டாம் கட்டிலின் சலைன் பாட்டிலை மாற்றிவிட்டு
ஃபோனைப் பார்க்கிறேன்.
மகள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.

மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி
சமாதானபுரத்தில்
உள்தாழ்ப்பாள் போட்ட வீட்டில்
விழித்துக் கிடக்கிறாள் ஜெனிஷா.
பத்தாம் வகுப்பு. விடிந்தால் கணக்குப் பரீட்சை.
அவள் அப்பா மஸ்கட்டில்.
அவருக்கும் புள்ளி உண்டு,
வெள்ளிக்கிழமைகளில் மட்டும்.

இன்ஸ்டாவுக்கு நான் வந்ததே இவளுக்காகத்தான்.
படத்துக்கு லைக் போடக் கூடாது,
கீழே 'செல்லம்' என்று கமெண்ட் எழுதவே கூடாது
என்று சொல்லி
மூன்று நாள் காக்கவைத்துத்தான் உள்ளே விட்டாள்.

போன வாரம் ஒரு படம். மஞ்சள் சுடிதார்.
ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொன்று.
எடுத்துவிட்டாள்.
வெளிச்சம் கூட்டி மறுபடி போட்டாள். முப்பத்தெட்டு.
மூன்றாம் தடவை வந்த முகத்தில்
எனக்கும் என் அக்காள்களுக்கும் உள்ள
அந்த அகல மூக்கைக் காணோம்.
யாரோ இரண்டு விரலால் அமுக்கிப் பிடித்த மாதிரி
ஒடுங்கி நின்றது வேறொன்று.
அதற்கு இருநூற்றுப் பன்னிரண்டு.
நான் போடவில்லை. சொன்ன சொல்.

மூன்று மணி. பதினேழாம் கட்டில்.
திசையன்விளைப் பெண், பதினாறு வயது.
என்னம்மா நடந்தது என்றால்
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.
அவள் உடைமைகளைக் கையெழுத்துப் போட்டு
நான்தான் வாங்கிவைத்தேன்:
கொலுசு ஒரு ஜோடி
கிளிப் ஒன்று
ஃபோன் ஒன்று, திரை கீறல்.
பிளாஸ்டிக் பையில் முடிந்து
என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.
நள்ளிரவிலிருந்து
கொலுசோடு சேர்ந்து அதிர்கிறது.
நிற்கிறது. அதிர்கிறது.
அவள் இங்கே கிடப்பது தெரியாமல்
யாரோ அங்கே இன்னும்
சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.
அணைத்துவிடலாம் என்று கையிலெடுத்தேன்.
நோயாளி பொருளைத் தொட விதியில்லை.
இழுப்பறைக்குள் பஞ்சை அடைத்துச் சாத்தினேன்.

மூன்று பத்து.
என் திரையின் அடியில்
மூன்று புள்ளிகள் குதிக்கின்றன.
ஜெனிஷா எழுதுகிறாள்.
எனக்கு.
நின்றுவிட்டது.
திரும்ப எழுதுகிறாள்.
நின்றுவிட்டது.
தூங்குளா என்று திட்டப் போன விரலை
அப்படியே நிறுத்திக்கொண்டேன்.
ஒரு இருமல் போனது.
எண்ணெய் காணாத ஸ்ட்ரெச்சர் சக்கரம் ஒன்று
வராந்தா முழுக்கக் கீச்சிட்டுப் போனது.
டியூட்டி டாக்டர் வந்து தேதி கேட்டு
எழுதிக்கொண்டு போனார்.
ஒன்றும் வரவில்லை.
நாலரைக்குப் பச்சை அணைந்தது.
அதற்குள் எத்தனை முறை பார்த்தேன் என்று
எண்ணவில்லை. எண்ணினால் வெட்கம்.

எட்டு மணிக்கு வீட்டில்
சீருடையோடு நிற்கிறாள்,
கண்ணுக்கடியில் கரி.
"ஏளா, ராத்திரி என்ன எழுத வந்த?"
"ஒண்ணுமில்ல."
ஜியாமெட்ரி பாக்ஸைத் தேடினாள்.
ஹால் டிக்கெட் பையிலேயே இருந்தது,
அதையும் தேடினாள்.
செருப்பை மாட்டி நாலு எட்டு போய்
திரும்பாமலே சொன்னாள்:
"நீயும் ராத்திரி பூரா பச்சையாத்தான கிடந்த.
எனக்கு ஏதாவது எழுதுவியோன்னு
பாத்துக்கிட்டே இருந்தேன்."
டவுன் பஸ் ஹாரன். ஓடிவிட்டாள்.

அவள் ஃபோன் தலையணைக்கடியில்.
தொட்டால் காய்ச்சல்காரக் கை போலச் சூடு.
என் ஃபோனை எடுத்து
செல்லம் என்று எழுதி அனுப்பினேன்.
தடை கமெண்ட்டுக்குத்தானே.

தலையணை ஒருமுறை அதிர்ந்தது.

அடுத்த வரிக்கு வைத்த விரல் வைத்தபடி
யூனிஃபார்ம்கூட மாற்றாமல்
கட்டில் ஓரத்தில் இருக்கிறேன்.