டன்டீ டிப்போ, எழுபத்தொன்பது

நல்ல காப்பி என்று யாரும் சொன்னதில்லை.
சொல்லியிருந்தால் மோரக் சிரித்தே விழுந்திருப்பாள்.
பஸ் டிப்போ கேன்டீனில் ஒரு வாளி டின்,
வாரத்துக்கு ஆளுக்குப் பத்து பென்ஸ்.
லேபிளில் யாரோ ஒரு பெண்ணின் பாதிச் சிரிப்பு;
மீதியைத் துரு தின்றிருந்தது.

கெட்டிலின் ஆவி பட்டுப் பட்டுத்
தூள் பாறையாகிவிடும்.
மெக்கானிக் இன்னிஸ்
ஸ்க்ரூ டிரைவரால் பெயர்த்துத் தருவான்.
மேலே மிதக்கும், கரைய மறுத்த பால்பொடி.
டீசல் வாடை இலவசம்.

விடிகாலை நாலேகால்,
முதல் வண்டி கிளம்புமுன்
கையுறையைக் கழற்றிவிட்டுக் கோப்பையைப் பொத்திக்கொள்வோம்.
குடித்ததைவிடப் பிடித்திருந்ததுதான் அதிகம்.

வேலைநிறுத்தத்தின் மூன்றாம் வாரம்
டின் தீர்ந்தது.
மோரக் உள்ளே கொதிநீர் ஊற்றி
மூடியை அமுக்கிக் குலுக்கினாள்,
வாங்கிய கடனைத் தராதவனை உலுக்குவதுபோல.
ஏழு கோப்பைக்கு வந்தது.
"இது காப்பி இல்லை,
காப்பி வந்திருப்பதாக ஒரு வதந்தி"
என்றான் இன்னிஸ்.
என்றுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டான்.

இப்போது மகள் வீட்டில் ஒரு யந்திரம் சீறுகிறது.
நுரையில் இலை வரைந்து தருகிறாள்.
எந்த மலையில் விளைந்ததென்று
பையிலேயே அச்சிட்டிருக்கிறது.
நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன்.

போன வாரம்
சூப்பர்மார்க்கெட்டின் கீழ்த்தட்டில் குனிந்து
இருப்பதிலேயே மலிவான ஜாடியை எடுத்துவந்தேன்.
ஒரு மடக்கு.
சீ.
அதே சீ.

கொட்டவில்லை.
ஆறும்வரை
இரண்டு கையாலும்
பிடித்துக்கொண்டிருந்தேன்.