மூன்று காதுகள்

சிக்னாகி இறக்கத்தில் மாடு குறுக்கே வந்தது.
அதற்கு ஒன்றும் ஆகவில்லை.
ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு
தார்ச்சாலையில் சாணமிட்டுப் போயிற்று.
என் ப்ரியஸுக்குத்தான் இடக்கண் சரிந்தது.

திபிலீசி, எலியாவா சந்தை.
முர்த்தாஸ் அதைக் கழற்றிக் கையில் ஏந்திச் சொன்னான்:
"கண்ணாடி முழுசு. பல்பு எரியுது.
பிடிச்சு நிக்கிற காது மூணும் போச்சு, சியாலா."
சரி, காது என்ன விலை?
"காது தனியா வராது.
கண்ணோடதான் வரும்.
புதுசு ஆயிரத்து நானூறு லாரி."

சிரித்தேன். வேறென்ன செய்ய.
ஓர் இரவு ஓட்டினால்
பெட்ரோல் போக, செயலிக்காரன் பங்கு போக
அறுபது நிற்கும். மழை பெய்தால் எழுபது.

இரண்டு குழாய்ப் பசை, எட்டு லாரி.
ஒட்டினேன்.
பிடித்தது, ஆனால் அண்ணாந்து பிடித்தது.
பத்து நாள்
வலக்கண் சாலையைப் பார்க்க
இடக்கண் வீடுகளின் இரண்டாம் மாடியைப் பார்த்தது.
கொடியில் மறந்துபோன சட்டைகள்,
தூங்காமல் புகைக்கும் ஓர் ஆள்,
திராட்சைப் பந்தலின் அடிவயிறு.
பதினோரு ஆண்டு ஓட்டியும் நான் காணாத ஊர்.
எதிரே வந்தவர்கள் என் தாயை இழுத்துத் திட்டினார்கள்.
சோதனை நிலையத்துப் பையன் திட்டவில்லை.
ஒரு சிவப்பு முத்திரை, அவ்வளவுதான்.

மறுபடி முர்த்தாஸ்.
கடைக்குப் பின்னால் கொட்டகை.
அமெரிக்காவில் நொறுங்கிக் கப்பலேறி வந்தவை
கொத்துக்கொத்தாய்த் தொங்கின
வாங்க வந்தவள் முகத்தையே பார்த்தபடி.
"இது டெக்சஸ். பின்னால இடிபட்ட வண்டி.
முன்பக்கத்துக்கு எதுவுமே தெரியாது."
முந்நூற்றைம்பது என்றான்.
இருநூற்றெண்பதில் போய் உட்கார்ந்துகொண்டு
எழ மறுத்தேன்.
முந்நூறு.
ஐந்து இரவு.
இரவில் ஓட்ட விளக்கு வேண்டும்;
விளக்குக்கு இரவுகள் வேண்டும்.

மாட்டியபின்தான் கண்டேன்,
உள்ளே ஒரு விட்டில்.
எந்த ஓட்டை வழி நுழைந்ததோ,
வெளியேறத் தெரியாமல் காய்ந்து
கண்ணாடியின் உள்முகத்தில் ஒட்டியிருக்கிறது.
திரும்பப் போய்க் காட்டினேன்.
"அதுக்குத் தனியா காசு வாங்கலையே" என்றான் முர்த்தாஸ்.

இப்போது ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் வெள்ளை.
பையன் பச்சை முத்திரை குத்திவிட்டான்.
விடிகாலை நாலரைக்கு
எங்கள் கட்டடச் சுவரெதிரே நிறுத்த வரும்போது
சுவரில் அதன் நிழல் எழும்,
முதலில் கோழியளவு,
நெருங்க நெருங்கச் சிறுத்து
என் கையளவு.

அணைக்குமுன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.
பேட்டரியும் காசுதான்.
தெரியும்.