நட்சத்திரக் குறி

பொத்னியா வளைகுடா உறைந்து இருபத்தாறு நாள்.
தீவுக்குப் பனிச்சாலை திறக்கலாமா?
துறைமுக அலுவலகத்தில்
மூன்றாவது காப்பியோடு
வுவோக்கோ கணினியைக் கேட்கிறாள்.

கடலை நாற்பதுக்கு நாற்பது கட்டங்களாக
வெட்டி வைத்திருக்கிறாள்.
கட்டத்துக்கு ஓர் எண்:
எய்னோ துளையிட்டு, அளவுகோலை இறக்கி,
கையுறையைக் கழற்றிக் குறித்துத் தந்த தடிமன்.
இது ஓர் அணி.
இன்னோர் அணியில் தரம்:
தெளிந்த கரும்பனிக்கு ஒன்று,
வெளுத்த பனிக்கு அரை,
நீரோட்டம் அடியில் அரித்த இடங்களுக்கு
அதற்கும் கீழே.

தடிமன், நட்சத்திரக் குறி, தரம்.
ஒரே வரி.
திரை முழுக்கப் பச்சை.

அவள் சாலையைத் திறக்கச் சொல்லியிருப்பாள்.
தொலைபேசியில் எய்னோ, காற்றுக்கு மேல் கத்தினான்:
"ஏழாம் நிரை, பன்னிரண்டாம் நிரல், அதுவுமா பச்சை?
அங்கே இரண்டே திருகில் தண்ணீர் வந்ததே!"

நிறத்துக்கு அடியில் இருந்த எண்ணை
அப்போதுதான் பார்த்தாள்.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர்.
அங்கே கடலின் ஆழமே ஆறு மீட்டர்.

அணி என்னும் வகுப்பை எழுதியவன் தவுனோ.
வேலையை விட்டுத் தாம்பரேவுக்குப் போய்விட்டான்.
அவன் அகராதியில் நட்சத்திரம் என்றால்
நிரை முழுவதும் நிரல் முழுவதோடு பெருகி
ஒற்றை எண்ணாகத் திரள்வது.
நேற்றிரவு உறைந்ததைக் கூட்டியபோது
கூட்டல் குறி ஒழுங்காகத்தான் நடந்தது,
கட்டத்தோடு கட்டம், தன் இடம் விட்டு நகராமல்.
அந்த நம்பிக்கையில்தான் இவள்
அடுத்த குறியையும் நம்பினாள்.
சதுரமாக இல்லாதிருந்தால்
அளவு பொருந்தவில்லை என்று அலறியிருக்கும்.
சதுரம். அதனால் சத்தமே இல்லை.
முழங்கால் தடிமனுள்ள கட்டமெல்லாம்
மெல்லிய ஒன்றுக்கு ஜாமீன் நின்றுவிட்டன.

"அணிப் பெருக்கல் என்றால் அதுதானே,"
என்றான் தவுனோ. தப்பில்லை.
"லாரி நிரை மேலே நிற்காது, தவுனோ.
ஒரு கட்டத்தின் மேலே நிற்கும்."
மறுமுனையில் குழந்தை ஏதோ கேட்டது.
"சரி," என்றான், "ஆனால்
நட்சத்திரத்தைத் தொடாதே.
வேறு பத்து நிரல்கள் அதை நம்பியிருக்கின்றன."

தொடவில்லை.
வகுப்பின் கடைசியில் புதிதாக ஒரு செயல்முறை,
உறுப்புக்குறுப்பு என்று பெயர்.
உள்ளே இரண்டு சுழல், ஒரு பெருக்கல்.
எவருடையதும் எவரோடும் கலக்காது.

மறுபடி ஓட்டினாள்.
பச்சை பின்வாங்கியது,
கரையோரம் மஞ்சள்,
ஏழாம் நிரையில், பன்னிரண்டாம் நிரலில்
தனியாக ஒரு சிவப்பு.

அங்கே எய்னோ, யாரையும் கேட்காமல்,
காலையிலேயே ஒரு பைன் கிளையை
நட்டுவிட்டுத்தான் வந்திருந்தான்.