கேன் மூடி

மூடியைத் திறந்த கையோடு கவிழ்த்து
மூக்குக்குக் கொண்டுபோக வேண்டும்.
பாலைவிட மூடியில்தான் மணம் ஒண்டியிருக்கும்.
புளிப்பு, வேப்பம்புண்ணாக்கு, சரியாய்க் கழுவாத தூக்குவாளி,
வற்றப்போகும் சினைமாட்டின் கடைசிப் பால்.
ஒரு மூச்சு போதும் எனக்கு.
வாடிப்பட்டி சொசைட்டியில் பதினோரு வருஷம்
லாக்டோமீட்டருக்கு முன்னால் என் மூக்குதான்.

காய்ச்சல் மூன்றே நாள்.
அடுப்பில் ரசம் வெந்நீராய்க் கொதித்தது.
வேலைக்குப் போனால் வந்துவிடும் என்று நினைத்தேன்.
போனேன். மூடியை எடுத்தேன்.
அலுமினியம் குளிர்ந்தது, அவ்வளவுதான்.
வரிசை என் முகத்தையே பார்த்தது.
எப்போதும்போலப் புருவத்தை நெரித்து
"ம், ஊத்து" என்றேன்.

பன்னிரண்டு நாள் அப்படி.
பதின்மூன்றாம் நாள் மதுரையிலிருந்து போன்:
முந்நூறு லிட்டர் திரிந்துவிட்டது.
யார் கேன் என்று யாருக்கும் தெரியாது.
தெரிந்திருக்க வேண்டியவள் நான்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ஹசீனா
மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு
சீட்டின் பின்பக்கம் வரைந்தார்.
இரண்டு கண்ணுக்கும் நடுவே, உச்சிக்கூரையில்,
தபால்தலை அளவு ஒரு சவ்வு.
மணம் பிடிக்கும் நரம்புகள் அதில்
மயிர் நீட்டி நிற்கின்றன.
"கிருமி பெரும்பாலும் இதுகளைத் தொடுறதில்லம்மா.
உள்ளே போக இதுகளில் கதவு கிடையாது.
கதவு இருந்தது பக்கத்துச் செல்களுக்கு.
ஈரம் காத்து, உப்பு பார்த்து, கழிவை அள்ளி,
நரம்பைத் தாங்கி நின்றவை.
அதெல்லாம் செத்து உரிஞ்சதும்
நரம்பு தன் மயிரைத் தானே உதிர்த்துடுது."

எனக்கு முத்திருளாண்டி ஞாபகம் வந்தது.
கேன் கழுவுகிறவன்.
சம்பளப் பட்டியலில் பேர் இல்லாதவன்.
மே மாசம் தத்தனேரிக்குக் கொண்டுபோனார்கள்;
நாங்கள் ஒருத்தரும் போகவில்லை.
சோடா உப்பில் அவன் தேய்த்துக் கவிழ்த்துவைத்த கேன்களால்தான்
என் மூக்கு இத்தனை வருஷம்
பேர் வாங்கியதோ என்னவோ.

"அடியில் விதைச் செல் இருக்கு, திரும்ப முளைக்கும்."
எப்போது என்றேன்.
டாக்டர் பேனாவை மூடினார்.

முளைத்தது, கோணலாக.
நாலாம் மாசம் ஒச்சாயி கேனைத் திறந்தேன்.
விடியற்காலைப் பால், நுரை அடங்காதது.
எரிகிற டயர்.
குமட்டலில் மூடி கைநழுவிச் சிமெண்டில் உருண்டது.
"என்னத்தா, கெட்டுப்போச்சா?"
அந்தக் கேனைத் திருப்பி அனுப்பியிருக்கலாம்.
அன்றைக்கு அவள் வீட்டு அரிசி அந்தக் கேனுக்குள் இருந்தது.
"பால் நல்லாருக்கு. என் மூக்குதான்
ஆடியிலிருந்து கெட்டுக்கிடக்கு."
வரிசை முழுக்கக் கேட்டது.

இப்போது மூடியைப் பின்னால் நிற்பவர் முகர்கிறார்.
தங்கள் கேனைத் தாங்களே முகரக் கூடாதென்று
தினமும் ஒரு சண்டை.
நான் குறித்துக்கொள்கிறேன்.

காலையும் ராத்திரியும் கிராம்புச் சீசாவைத் திறந்து
இருபது எண்ணச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.
எண்ணுகிறேன்.
இன்றைக்கும் டயர்தான்.
நேற்றைவிடக் கொஞ்சம்
தூரத்தில் எரிகிறது.